வண்டியில் ஏறிய சிம் கார்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மின்சார வாகனங்களின் விலையையும் சார்ஜ் செலவையும் பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலையைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டிக்குள் இருக்கும் சிம் கார்டையும் அதோடு வரும் கைப்பேசிச் செயலியையும் பற்றியே கேட்டிருந்தன. கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து எழுதியவர்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். கேள்விகளின் தன்மை கருதி, எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டும் நிலையில் இருக்கிறேன். மகள் புனலூரில் இருப்பதால் மாதம் நான்கு முறையாவது புளியரை, ஆரியங்காவு வழியாகப் போய்வருவேன். "பெட்ரோல் கார் யாரிடமும் எதுவும் சொல்லாது, மின்சாரக் கார் நீங்கள் போகும் இடத்தையெல்லாம் கம்பெனிக்குச் சொல்லிவிடும் தாத்தா" என்கிறான் பேரன். பெட்ரோல் காரோடு இருந்துவிடலாமா?
*– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், செங்கோட்டை*

பதில்: உங்கள் பேரன் சொல்வதில் பாதி சரி, ஐயா. கார் செய்தி அனுப்புகிறது என்பது உண்மை; மின்சாரத்தில் ஓடுவதால்தான் அனுப்புகிறது என்பது சரியல்ல. இன்று ஷோரூமில் நிற்கும் கார்களில், குறிப்பாக விலை கூடிய வகைகளில், கழற்ற முடியாதபடி ஒரு சிம் உள்ளே பதிக்கப்பட்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் பெட்ரோல் காரிலும் டீசல் காரிலும் அந்தச் சிம் உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் ஓடியது, எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, எங்கே திடீரென்று பிரேக் பிடிக்கப்பட்டது என்பதெல்லாம் அதன் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போகலாம். பெட்ரோலா மின்சாரமா என்ற கேள்வியையும், வண்டிக்குள் சிம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியையும் தனித்தனியாகக் கேட்பதே சரி.

மின்சாரக் காரில் கூடுதலாகச் சேர்வது இரண்டு விஷயங்கள். பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தமும் வெப்பமும் பதிவாகிக்கொண்டே இருக்கும். தீப்பிடிக்காமல் காக்கவும், எட்டு ஆண்டு உத்தரவாதத்தை மதிப்பிடவும் அந்தப் பதிவு தேவை என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கவலைப்பட வைப்பது வெளியே சார்ஜ் ஏற்றும்போது நடப்பது. கேரளத்தில் மின்கம்பங்களில் பொருத்திய சார்ஜர்கள் முதல் உணவகங்களின் வாசலில் இருக்கும் அதிவேக சார்ஜர்கள் வரை, பெரும்பாலானவற்றுக்குச் செயலி வழியாகத்தான் பணம் கட்ட வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு செயலி என்று நான்கு செயலிகள் சேர்ந்துவிட்டால், உங்கள் கைப்பேசி எண்ணும் பயண நேரங்களும் நான்கு இடங்களில் தங்கிவிடுகின்றன.

அதே நேரம், பெட்ரோல் கார் யாரிடமும் எதுவும் சொல்லாது என்பதும் பழைய கதையாகிவிட்டது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானதால், சுங்கச்சாவடியைக் கடக்கும் நேரம் பதிவாகிறது. கேரளம் 2023-இல் சாலைகளில் 726 செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை இயக்கத்துக்குக் கொண்டுவந்து, அவ்வாண்டு ஜூன் முதல் அபராதம் விதிக்கத் தொடங்கியது. ஆனால் சாவடியும் கேமராவும் ஓரிடத்தில் ஒரு நொடி மட்டுமே உங்களைப் பார்க்கின்றன. வண்டிக்குள் இருக்கும் சிம்மோ வீட்டு வாசலில் புறப்பட்டது முதல் மகள் வீட்டு வாசல் வரை கூடவே வருகிறது. மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தபோது, அந்த 25-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. 84 விழுக்காட்டு நிறுவனங்கள், வாடிக்கையாளரின் தகவல்களைப் பிறருக்குத் தரவோ விற்கவோ தங்களுக்கு உரிமை உண்டென்று தங்கள் கொள்கையிலேயே எழுதி வைத்திருந்தன. அந்த ஆய்வு இந்தியாவில் நடந்ததன்று என்றாலும், இந்தத் தொழிலின் வழக்கம் எது என்பதை அது காட்டுகிறது.

ஆகவே மின்சாரக் காரையே வாங்குங்கள் என்பது என் கருத்து. செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். வீட்டிலேயே 15 ஆம்பியர் பிளக்கில் இரவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் வெளிச் செயலிகளே உங்களுக்குத் தேவைப்படாது. வண்டி கைக்கு வந்த முதல் நாளே பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் உள்ள தனியுரிமைப் பகுதியைத் திறந்து, வேண்டாதவற்றை நிறுத்துங்கள். விபத்தின்போது உதவிக்கு அழைக்கும் வசதியை மட்டும் நிறுத்த வேண்டாம். இருப்பிடப் பகிர்வை முழுவதும் நிறுத்தினால் திருடுபோன வண்டியைக் கண்டுபிடிக்கும் வசதியையும் இழப்பீர்கள். எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து நீங்களே முடிவெடுங்கள்.

கேள்வி: நான் ஏலக்காய் வியாபாரி. ஒளித்து மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் போகும் இடம் ஒரு கார் கம்பெனிக்குத் தெரிந்தால் எனக்கு என்ன நட்டம்?
*– வாசகர், குமுளி*

பதில்: உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்துக்குப் போவதற்கு முன்பு, எந்தத் தோட்டக்காரரிடம் எத்தனை முறை போய் நின்றீர்கள், எந்தக் கிடங்கின் முன்னால் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்தினீர்கள் என்பதை உங்கள் போட்டியாளரிடம் நீங்களே சொல்வீர்களா? அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் சொல்ல மாட்டீர்கள். மறைப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் தனியுரிமை வேண்டும் என்று நினைப்பது தவறு. கணக்குப் புத்தகத்தை மேசை மேல் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போகாத எவருக்கும் அதன் பொருள் புரியும்.

கம்பெனிக்குத் தெரிந்தது கம்பெனியோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனம் சேமித்து வைத்திருந்த ஏறத்தாழ 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல்கள், சரியான பாதுகாப்பின்றி இணையத்தில் எட்டும் நிலையில் கிடந்ததை ஜெர்மனியின் கணினிப் பாதுகாப்பு ஆர்வலர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் 2024 டிசம்பரில் வெளிக்கொண்டுவந்தது. அவற்றில் ஏறத்தாழ 4,60,000 கார்களின் நிறுத்துமிடங்களைத் துல்லியமாகக் கண்டுகொள்ள முடிந்தது. அரசியல்வாதிகளின் கார்களும் அவற்றில் இருந்தன. அந்நிறுவனம் தகவலை விற்கவில்லை. பூட்டாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான். சேர்த்து வைக்காத தகவலைத்தான் யாராலும் திருட முடியாது.

கேள்வி: நான் திருத்தணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நகரியிலிருந்து மின்சார ஸ்கூட்டரில் போய்வருகிறேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, தவணையும் என் சம்பளத்தில்தான் போகிறது. ஆனால் வாங்கிய அன்று அண்ணன் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துச் செயலியைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். தோழி வீட்டில் பத்து நிமிடம் நின்றால்கூட "அங்கே என்ன வேலை" என்று அழைப்பு வருகிறது. எல்லை குறித்து வைத்து, அதைத் தாண்டினால் அவருக்குச் செய்தி வரும்படியும் செய்திருக்கிறார். அவர் கெட்டவர் அல்லர், என் மேல் பாசம் உள்ளவர். இதை எப்படிச் சொல்வது?
*– வாசகி, நகரி*

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் நான் அதிக முறை படித்தேன், தங்கை. நிறுவனங்களைப் பற்றி நாம் உரத்துப் பேசுகிறோம். வீட்டுக்குள் நடக்கும் கண்காணிப்பைப் பாசம் என்ற பெயரால் பேசாமல் விட்டுவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே உங்களுக்குத் துணை வராது. ஒரு தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கோ குடும்பத் தேவைக்கோ கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு யாரும் அண்ணன் முன்னால் போய் நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. முதலில் பதிவான கைப்பேசி எண் யாருடையதோ அவரையே செயலி உரிமையாளராக நினைத்துக்கொள்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதால், அதையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வாங்கிய ஷோரூமுக்குச் சென்று, உரிமையாளர் எண்ணை உங்கள் எண்ணாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மாற்றியதும் பழைய கைப்பேசியில் இருக்கும் செயலி வெளியேற்றப்பட்டுவிட்டதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணனுக்கு இது எப்படியும் தெரியவரும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே, அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரவுப் பணி முடிந்து திரும்பும்போது மட்டும், வீடு சேரும் வரை ஒரு மணி நேரத்துக்கு, உங்கள் கைப்பேசியிலிருந்து நீங்களே அவருக்கு இருப்பிடத்தைப் பகிர்வதாகச் சொல்லுங்கள். அவர் கவலைப்படுவது உங்கள் பாதுகாப்புக்காக என்றால், அது அவருக்குப் போதும். பகிர்வதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கும். இப்போது அது அவர் கையில் இருக்கிறது.

இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது என்றால், அல்லது சொன்ன பிறகு மிரட்டலோ அடியோ வந்தால், அது வேறு விஷயம். பெண்களுக்கான 181 உதவி எண்ணை, அண்ணன் பார்க்காத கைப்பேசியிலிருந்து அழையுங்கள். தங்கைகளின் வண்டிச் செயலியைத் தங்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் அண்ணன்மார் யாரேனும் இதைப் படித்தால், இன்றைக்கே அதை அவர்களிடம் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: களியக்காவிளையில் மின்சார ஆட்டோ ஓட்டுகிறேன். மூன்று நாள் தவணை தாமதமானது. குழித்துறை ரயில் நிலையத்தில் பயணியை இறக்கிவிட்டுத் திரும்பப் புறப்பட்டால் வண்டி எடுக்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் எங்கிருந்தோ பூட்டிவிட்டதாம். அன்று முழுவதும் வருமானம் இல்லை. இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? நான் கையெழுத்துப் போட்ட தாள் ஆங்கிலத்தில் இருந்தது.
*– ஆட்டோ ஓட்டுநர், களியக்காவிளை*

பதில்: ஓடிச் சம்பாதித்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் உள்ளவரின் வண்டியை, முன்னறிவிப்பின்றிப் பூட்டுவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். கோபத்தோடு நின்றுவிடாமல் இதைப் புகாராக எழுதுங்கள். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்துள்ள நேர்மை நடைமுறை விதிகளின்படி, கடனின் நிபந்தனைகளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்த நகலைத் தர வேண்டும். வண்டியைக் கைப்பற்றும் உரிமை இருந்தால், அதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்புத் தரப்படும், கடைசி வாய்ப்பு எப்படித் தரப்படும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வண்டியை இழுத்துக்கொண்டு போவதும், நின்ற இடத்திலேயே பூட்டி வைப்பதும் ஓட்டுபவருக்கு ஒரே விளைவைத்தான் தருகின்றன என்ற வாதத்தைப் புகாரில் தெளிவாக வையுங்கள்.

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒப்பந்தத்தின் தமிழ் நகலையும், பூட்டப்பட்ட நேரத்தின் பதிவையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். வண்டியைத் தொலைவிலிருந்து பூட்டும் கருவியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஸ்டாண்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

கேள்வி: நான் ஓட்டும் விதத்தைக் கவனிக்க ஒரு கருவியை வைத்தால் காப்பீட்டுக் கட்டணம் குறையும் என்கிறார்கள். வாரம் ஒருமுறை போடிமெட்டு ஏறி இறங்குபவன். வைக்கலாமா?
*– வாசகர், போடிநாயக்கனூர்*

பதில்: எவ்வளவு தூரம் ஓடுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதைக் கொண்டு கட்டணம் வைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி தந்தது. ஓடும் தூரத்தை மட்டும் பார்க்கும் திட்டமானால், குறைவாக ஓட்டுபவருக்கு லாபம். அதில் எனக்குத் தடை இல்லை. ஓட்டும் விதத்தைப் பார்க்கும் திட்டத்தில் உங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல் உண்டு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே பஸ் வரும்போது அழுத்திப் பிரேக் பிடிப்பவர்தான் நல்ல ஓட்டுநர். சமவெளியை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு அதையே குறையாகக் குறித்துக்கொள்ளலாம். மலைச்சாலைக்குத் தனிக் கணக்கு உண்டா என்று கேட்டு, எழுத்தில் பதில் வராவிட்டால் வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலிருந்து, எப்போது அழுத்திப் பிரேக் பிடித்தார்கள் என்பது வரை, ஓட்டுநர்களின் பழக்கங்கள், பிறர் தகவல்களை வாங்கி விற்கும் தரகு நிறுவனங்களுக்குப் போனதும், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சென்று சிலருக்குக் கட்டணம் ஏறியதும் 2024 மார்ச்சில் வெளியாயின. பலருக்குத் தாங்கள் சம்மதித்ததே தெரியவில்லை. அதன் பிறகே அந்நிறுவனம் அந்தப் பகிர்வை நிறுத்தியது. ஐந்து ஆண்டுகளுக்கு அத்தகவலைத் தரகு நிறுவனங்களுக்குத் தரக்கூடாது என்று 2025 ஜனவரியில் அந்நாட்டின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

கேள்வி: பழைய காரை விற்கப்போகிறேன். ஆர்.சி. மாற்றுவதைத் தவிர வேறு என்ன செய்ய வேண்டும்?
*– வாசகி, பாலக்காடு*

பதில்: நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பழைய காரின் திரையைத் திறந்தபோது, முன்பு வைத்திருந்தவரின் தொடர்பு எண்கள் அத்தனையும், "வீடு" என்று குறித்த அவருடைய முகவரியும் அப்படியே இருந்தன. ஒரு மருத்துவரின் பெயரும், அதன் பக்கத்தில் நோயின் பெயரும்கூட இருந்தன. எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவரின் வீட்டுக்குள், அவருக்குத் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல் மனம் கூசியது, உடனே அழித்தேன். கைப்பேசியைப் புளூடூத்தில் இணைக்கும்போது தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கார் தன்னிடம் எழுதிக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகும் நாளில், திரையின் அமைப்புகளில் "ஃபேக்டரி ரீசெட்" கொடுத்து எல்லாவற்றையும் அழியுங்கள். பிறகு கைப்பேசிச் செயலியிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். இதை மறந்தால், விற்ற காரை நீங்களே உங்கள் கைப்பேசியில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வாங்கியவருக்கு அது பெரிய தீங்கு. ஃபாஸ்டேக்கையும் வங்கியிடம் சொல்லி மூடிவிடுங்கள்.

கேள்வி: ஷோரூமில் ஒரு டேப்லெட்டை நீட்டி "சம்மதம்" என்ற இடத்தில் தொடச் சொன்னார்கள். ஆங்கிலமும் மலையாளமும்தான் இருந்தன. எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். கேட்டதற்கு "தொடாவிட்டால் வண்டியே ஓடாது" என்கிறார்கள். அடுத்த வாரம் டெலிவரி.
*– விவசாயி, கொழிஞ்சாம்பாறை*

பதில்: கேரளத்தில் வாழும் தமிழர் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது, ஐயா. நான் முன்பு சொன்ன 2023-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் தகவலைப் பெறச் சம்மதம் கேட்கும்போது, அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. சம்மதம் கட்டாயமின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும். தந்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். வண்டி ஓடுவதற்கும், விளம்பரத்துக்காக உங்கள் எண்ணைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் தொடர்பு இல்லை. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிவைப்பது இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

இதில் ஒரு தடங்கலும் இருக்கிறது. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள், அதாவது 2027 மே வரை, அவகாசம் தரப்பட்டது. அவகாசம் முடியும்வரை வாடிக்கையாளர் கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதால், நிறுவனங்களும் இப்போதே தயாராக வேண்டியவைதாம்.

டெலிவரிக்கு முன் இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: "நான் வாங்கும் வாகனம் என்னைப் பற்றிச் சேகரிக்கும் தகவல்கள் எவை, எதற்காக, யாருக்குத் தரப்படும் என்பதைத் தமிழில் எழுத்தாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வாகனம் இயங்கத் தேவையானவற்றுக்கு மட்டும் சம்மதிக்கிறேன். விளம்பரத்துக்கும் பிற நிறுவனங்களுக்கும் தருவதற்குச் சம்மதிக்கவில்லை." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஷோரூமின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.